பேரம் பேசாதவன் விற்ற லேப்டாப்

பொம்பளை கடை வைத்தால் இரக்கம் இலவசம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். என் கடைக்குள் கால் வைக்கிறவர்களில் பாதிப்பேர் வாயைத் திறந்ததும் 'அக்கா' என்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் ஐந்நூறாவது குறைப்பேன் என்று நினைப்பு. நான் ஐந்நூறு ஏற்றித்தான் சொல்வேன்.

பழைய லேப்டாப்பை வாங்கி விற்கிற தொழில் எனக்கு. பதினோரு வருஷம் ஆகிறது. கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும், அவ்வளவு சின்னது. முன்னால் ஒரு மேசை, பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. பலகைத் தடுப்புக்குப் பின்னால் மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். அவர் போட்டிருக்கிற கண்ணாடியின் தடிமனைப் பார்த்து தெருவே அவரைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். என்னைவிட நாலு வயசு மூத்தவர், ஆனாலும் அவருக்கும் நான் அக்காதான்.

வாங்கும்போது நான் முதலில் விலை சொல்ல மாட்டேன். மிஷினைக் கையில் எடுத்து, குறைகளை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவேன். "கீல் ஆடுது. பேட்டரி உப்பியிருக்கு. ஸ்க்ரீன்ல புள்ளி." டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அப்படியே திருப்புளியை எடுத்து பின்மூடியைக் கழற்றிவிடுவேன். கழற்றிவிட்டால் பாதி வாங்கின மாதிரி. திறந்து கிடக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடக்க யாருக்கும் மனசு வராது. அப்புறம் நான் சொல்வதுதான் விலை.

விற்கும்போது வேறு வித்தை. ஆளைப் பார்த்தாலே பையில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கை பைக்குப் போகிற வேகம், பர்ஸைத் திறக்கும்போது உடம்பைத் திருப்புகிற விதம், எல்லாம் கணக்கில் வரும். அதில் நான் தப்பு செய்ததே இல்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

இன்னொரு பழக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கின மிஷினில் ஆளுடைய ஃபைல் எல்லாம் தங்கியிருக்கிற டிஸ்க்கை முதல் வேலையாகக் கழற்றி விடுவோம். அதை மேசைக்குக் கீழே இருக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, மிஷினுக்குள் மலிவான சின்ன டிஸ்க் ஒன்றைக் காலியாக மாட்டுவோம். மிஷின் ஒரு விலை, பழைய டிஸ்க் தனி விலை. டப்பா நிறைந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்து விற்போம். ஒரே பொருளை இரண்டு தடவை விற்கத் தெரியாதவன் கடையை மூடிவிட்டு வீட்டில் தூங்கலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருத்தன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தெருமுனையிலேயே மணக்கிற சென்ட். லேப்டாப்பை மேசையில் வைத்து, "எவ்ளோ தருவீங்க?" என்றான்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "கீல் லூசு. நாலஞ்சு எழுத்து தேஞ்சே போச்சு. சார்ஜர் ஒயர்ல டேப்பு சுத்தியிருக்கு." அவன் கேட்கவே இல்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டரை வரைக்கும் போகலாம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, "ஆறாயிரம்" என்றேன்.

"சரி" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரம் பேசாமல் விற்கிறவன் ஒன்று திருடனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் யாரையோ அழவைக்க விற்கிறவனாக இருக்க வேண்டும். வாங்கின ரசீதைக் கேட்டேன். எடுத்துக் காட்டினான், அவன் பெயரில்தான் இருந்தது.

"யாரு யூஸ் பண்ணினது?"

"வீட்டுக்காரி."

"விக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிய வைக்கத்தான் விக்கிறேன்" என்று சிரித்தான்.

பாஸ்வேர்டு கேட்டேன். ஆறு எண் சொன்னான். "எங்க கல்யாணத் தேதி. இன்னும் மாத்தல பாருங்க, லூசு" என்றான். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்தவன், வாசல்வரை போய்த் திரும்பினான். "உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்ல?"

"இந்த மிஷினு கடைய விட்டுப் போகும்போது உள்ள ஒண்ணும் இருக்காது" என்றேன்.

"அது போதும்" என்று போய்விட்டான். எனக்கு என்ன வந்தது, அவன் வீட்டுச் சண்டை. சோடாபுட்டி அன்றைக்கே டிஸ்க்கைக் கழற்றி டப்பாவில் போட்டார். நான் மூடிமேல் பதினாலாயிரம் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே ஒரு பெண் வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. கையில் என் கடை பில், மடித்து மடித்துக் கந்தலாகியிருந்தது. புருஷன் சட்டைப்பையில் இருந்து எடுத்திருக்கிறாள்.

"அக்கா, நேத்து ஒருத்தர் லேப்டாப் வித்தாரே."

"ஆமா. வித்தாரு, வாங்கிட்டேன்."

அலமாரியில் இருப்பதைப் பார்த்துவிட்டாள். அப்படியே கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தழும்பு. துணியில் பூவேலை போடுகிற மிஷினுக்கு டிசைன் வரைகிறவளாம். தையல் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, வீட்டில் வேலை முடிந்த நேரத்தில் வரைந்தாளாம்.

"முந்நூத்திப் பன்னெண்டு டிசைன்க்கா. ரெண்டு வருஷம். திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு கம்பெனியில கொண்டு போய்க் காட்டணும். பிடிச்சிருந்தா அன்னைக்கே வேலைன்னு சொல்லியிருக்காங்க. அங்கயே ஹாஸ்டல் இருக்கு."

ஹாஸ்டல் என்று சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே முழுக்கதையும் புரிந்துவிட்டது. புருஷனும் வீடும் இருக்கிறவளுக்கு ஹாஸ்டல் எதுக்கு? அவனுக்கும் அது எப்படியோ புரிந்திருக்கிறது, அதனால்தான் பேரம் பேசவில்லை.

"வேற காப்பி எடுத்து வைக்கலையா?"

"பென் டிரைவ் வச்சிருந்தேன். வாசல்ல போட்டு மிதிச்சு உடைச்சுட்டாரு."

தடுப்புக்கு மேலே சோடாபுட்டியின் தலை எழும்பியது. என்னைப் பார்த்தார், மேசைக்குக் கீழே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் டிஸ்க் இங்கே என் காலடியில் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று நுனிநாக்குவரை வந்தது.

அப்போது அவள் சொன்னாள்: "நீங்களும் ஒரு பொம்பளைதானேக்கா."

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக இதே பாட்டு. இதைச் சொன்ன ஒவ்வொருத்தியும் அடுத்த மூச்சில் விலையைக் குறைக்கத்தான் கேட்டிருக்கிறாள். ஆம்பளைக் கடையில் போய் நீங்களும் ஒரு ஆம்பளைதானே என்று எவளாவது கேட்கிறாளா? வாய்க்குள் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"பதினாலாயிரம்" என்றேன்.

"அவருக்கு ஆறுதானேக்கா குடுத்தீங்க. பில்லுல இருக்கே."

"அது வாங்குற விலை. இது விக்கிற விலை. வேணும்னா எடு, வேணாம்னா வழிய விடு, மத்தவங்க நிக்கிறாங்க." பின்னால் ஒருத்தரும் நிற்கவில்லை.

"யாருக்கும் குடுத்துடாதீங்க, மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று ஓடினாள்.

ஒரு மணிக்கு வந்தாள். காலையில் இருந்த மோதிரம் விரலில் இல்லை, அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பதினாலாயிரத்தையும் எண்ணி வைத்தாள். கடைசித் தாளை எடுக்கும்போது நான் பர்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு பஸ் டிக்கெட்டும் கொஞ்சம் சில்லறையும்தான். சரி, சுத்தமாகக் கறந்தாச்சு என்று மனசு சொன்னது. இப்போது டிஸ்க்கைப் பற்றிப் பேச்செடுத்தால் ஓசியில்தான் கொடுக்க வேண்டிவரும். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்ப்பாள், பதறிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவாள். வரும்போது எங்கேயாவது புரட்டிக்கொண்டுதான் வருவாள். மூவாயிரம் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

"இங்கயே ஆன் பண்ணிப் பாக்கலாமாக்கா?"

"சுத்தமா சார்ஜ் இல்ல. வீட்டுல போய் ரெண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு ஆன் பண்ணு."

"உள்ள எல்லாம் அப்படியே இருக்கும்லக்கா?"

"நான் எதையும் அழிக்கலம்மா."

நான் வியாபாரத்தில் பொய் சொல்ல மாட்டேன். அழிக்கவில்லை, அது உண்மைதானே. வாரண்டி சீட்டில் அவள் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டேன். அவள் லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போகிறபோது என் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கையை உதறவேண்டும் போல இருந்தது.

அவள் தெருவைத் தாண்டினதும் சோடாபுட்டி வெளியே வந்தார். "பாவம்க்கா. கூப்பிட்டுக் குடுத்துடலாம்."

"பாவமா இருந்தா உன் சம்பளத்துல இருந்து மூவாயிரம் குடுத்துட்டு எடுத்துட்டுப் போய்யா, யாரு வேணாங்கிறா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஆனாலும் ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்க்கை டப்பாவில் இருந்து எடுத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி, மேலே '3000' என்று எழுதி மேசைமேல் வைத்தேன். அவள் அழுதால் என்ன சொல்வது, ஐந்நூறு குறைக்கச் சொன்னால் என்ன சொல்வது என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். டீக்கடைக்காரர், "என்னக்கா, லீவு நாள்ல கடை?" என்று கேட்டார். "ஒரு பார்ட்டி வராங்க" என்றேன்.

பன்னிரண்டு ஆனது, மூன்று ஆனது. எங்கே போய்த் தொலைந்தாள் இவள்? வெயில் எதிர்க் கடைச் சுவரில் ஏறிவிட்டது. வாரண்டி சீட்டைப் பார்த்தேன், நம்பர் தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். போனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். தேடிப் போகிறவளுக்கு விலை கிடைக்காது. நாமாகக் கூப்பிட்டால் மூவாயிரம் முந்நூறாகிவிடும். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். ஏழு மணிக்குப் பொட்டலத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டுக் கடையை மூடினேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கே வந்துவிட்டேன். அப்போதும் அவள் வந்திருந்தால், வாங்கிக்கொண்டு ஓடிப்போய்க் காட்டியிருக்கலாம். ஒன்பதே முக்காலுக்குக் கூட நம்பரைப் போட்டேன், பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. சோடாபுட்டி வேலை செய்கிற சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரம் பத்தைத் தாண்டியது. வேறு எங்கேயோ காப்பி வைத்திருக்கிறாள், எமகாதகி, நம்மை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பவும் செய்தேன். நம்பாமல் இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

புதன்கிழமை அந்தச் சென்ட் வாசனை தெருமுனையிலேயே வந்துவிட்டது. அதே ஆள், அதே லேப்டாப்.

"இந்தாங்க, திரும்ப வந்துருச்சு. எவ்ளோ தருவீங்க?"

"என்னாச்சு?" என்றேன்.

"உங்ககிட்டயே வந்து வாங்கியிருக்கா, மோதிரத்த வித்து. என்ன தைரியம் பாருங்க. சனிக்கிழமை ராத்திரி தொறந்து பாத்தா உள்ள காலி. 'எங்க போச்சு, எங்க போச்சு'ன்னு ஒரே அழுகை. ஞாயித்துக்கிழமை காலையில கடைக்குப் போயிக் கேக்கறேன்னு கிளம்பினா. நான் சொன்னேன், கடைக்காரிய ஏன் கேக்கற, நான்தான் ஒண்ணு விடாம அழிச்சுட்டு வித்தேன்னு." அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கு அதெல்லாம் அழிக்கத் தெரியுமா? சும்மா அடிச்சு விட்டேன், நம்பிட்டா. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. அந்தக் கம்பெனியிலயும் வேற யாரையோ எடுத்துட்டாங்களாம், போன் வந்துச்சு. ஒழிஞ்சது சனியன். உண்மையில நீங்கதான அழிச்சீங்க? ரொம்ப தேங்க்ஸ்க்கா."

வாழ்க்கையில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த 'தேங்க்ஸ்' போல எதுவும் என்னைக் கூசவைக்கவில்லை. அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இருந்தது. அடித்தேனா? "கீல் இன்னும் லூசாயிருக்கு" என்றேன். "நாலாயிரம்."

"சரி" என்றான்.

அவன் போனதும் சோடாபுட்டி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் டப்பாவைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து, அந்த டிஸ்க்கையே மறுபடி மிஷினில் மாட்டினார். கல்யாணத் தேதியைத் தட்டினார். எல்லாம் இருந்தது. கொடி, இலை, சிட்டுக்குருவி, மொட்டு, ஒரு தாவணி ஓரத்துக்கு மட்டும் இருபது விதம். நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எனக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் யாராக இருந்தாலும் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று மட்டும் தெரிந்தது. கடைசி டிசைன் வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்குச் சேமித்தது. அதன் பெயர் 'திங்கள்'.

வாரண்டி சீட்டை எடுத்தேன். இந்தத் தடவை பொத்தானை அழுத்தினேன்.

"ஹலோ." பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"லேப்டாப் கடையில இருந்து பேசறேன்மா. உன் டிசைன் எதுவும் அழியல. எல்லாம் பத்திரமா இருக்கு."

குழாயை மூடினாள். "அவரு அழிச்சுட்டேன்னு சொன்னாரே."

"பொய்ம்மா. டிஸ்க் எங்கிட்டதான் இருக்கு."

"அப்ப நான் வந்தன்னைக்கு அது எங்கக்கா இருந்துச்சு?"

"இங்கதான். மேசைக்குக் கீழ."

"நான் நின்னேனே, அந்த மேசைக்குக் கீழயா?"

"ஆமா."

"ஏன்க்கா சொல்லல?"

"தனியா விக்கலாம்னு நெனச்சேன்" என்றேன்.

"எவ்ளோவுக்கு?"

"மூவாயிரம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஏதோ வீட்டுச் சாமான் விலை கேட்ட மாதிரி, "மூவாயிரம்தானா" என்றாள். "என்கிட்ட இருந்துச்சேக்கா. ஹாஸ்டலுக்குன்னு மூவாயிரத்தி ஐந்நூறு ஜாக்கெட்டுக்குள்ள தனியா வச்சிருந்தேன். கேட்டிருந்தா அங்கயே எடுத்துக் குடுத்திருப்பேனேக்கா."

"காசு வேணாம். நீ இப்பவே வா. இல்ல, எங்க இருக்கேன்னு சொல்லு, நானே கொண்டுவந்து தரேன்" என்றேன். நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காசையும் ஞாயித்துக்கிழமை எடுத்துட்டாருக்கா" என்றாள்.

அப்போது தூரத்தில் அவன் குரல் கேட்டது. "யாருடி போன்ல?"

"யாரும் இல்லைங்க" என்றாள் அவள். "ராங் நம்பர்."

வைத்துவிட்டாள். நான் மறுபடி போட்டேன். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோடாபுட்டி அந்த லேப்டாப்பைத் துடைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். கையில் வெற்றுச் சீட்டும் பேனாவும் இருந்தது.

"இதுக்கு என்ன விலைக்கா எழுதட்டும்?" என்றார்.

கீலைப் பார்த்தேன். தேய்ந்துபோன எழுத்துகளைப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு விலை வாயில் வரவில்லை.